ஐந்தரை மணிச் சர்பத்: கோடையும் கொண்டலும்

சித்திரையில் எந்த நாளும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் குடியுங்கள். பிறகு அதே பாட்டில், அதே எலுமிச்சை, அதே அளவு ஐஸ் போட்டு, மாலை ஐந்தரைக்குத் தெருமுனையில் நின்றபடி இன்னொரு டம்ளர். முதலாவது தொண்டையை நனைத்துவிட்டு இறங்கிவிடும். கால் மணி நேரத்தில் மறுபடி தாகம். இரண்டாவதைக் குடித்ததும் தோள் தளரும், பேச்சு வரும், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும்.

நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில். அப்பா அலுவலகம் விட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலிருந்தே என்னைக் கூப்பிடுவார். இரண்டு பேரும் பாரதி சாலைக்கு நடப்போம். வீட்டில் எல்லோருக்கும் அது பைகிராப்ட்ஸ் ரோடுதான். அங்கே ஒரு சர்பத் கடை. டம்ளரைக் கையில் வாங்கியதும் அப்பா குடித்துவிட மாட்டார். கிழக்கே பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். "குடிங்கப்பா, ஐஸ் கரையுது" என்று நான் அவசரப்படுத்துவேன். "இருடா, வரட்டும்" என்பார். எது வர வேண்டும் என்று அப்போது நான் கேட்டதில்லை. அந்த நிற்றலுக்குள் எவ்வளவு இயற்பியல் இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 மில்லி சர்பத் 5 டிகிரி செல்சியஸ் குளிரில் உள்ளே போகிறது. உடம்புச் சூடான 37 டிகிரிக்கு வர அது 32 டிகிரி ஏற வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி என்பது பள்ளிப் பாடம். ஆக, அந்த டம்ளர் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 9,600 கலோரி, அதாவது 9.6 கிலோகலோரி. இப்போது வியர்வையைப் பாருங்கள். தோலின் மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அப்படியென்றால் ஒரு டம்ளர் ஐஸ் சர்பத் செய்யும் வேலையை 17 கிராம் வியர்வை காய்ந்தாலே செய்து முடித்துவிடும். 17 கிராம் என்பது ஒரு சின்னக் குழிக்கரண்டித் தண்ணீர். வெயிலில் நடந்து வந்த ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் வியர்ப்பது சாதாரணம். அந்த அரை லிட்டரும் காய்ந்தால் 290 கிலோகலோரி வெளியேறும். முப்பது டம்ளர் சர்பத் அது.

'காய்ந்தால்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இன்னும் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் குறைவு. அசையாத காற்றில் நின்றால் தோலையொட்டி ஈரக் காற்று ஒரு போர்வை மாதிரி படிந்துவிடும். வியர்வை காயாமல் வழியும். சொட்டி விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. உப்பும் தண்ணீரும் போனதுதான் மிச்சம். காற்று வீசினால் அந்தப் போர்வை விலகுகிறது, வியர்வை காய்கிறது, உடம்பு குளிர்கிறது. மின்விசிறியும் இதைச் செய்யும்தான். ஆனால் பூட்டிய அறையின் சூடான, ஈரமான காற்றையே அது சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கிறது.

சித்திரை வெயிலில் சூடாக டீ குடிப்பவர்களைப் பார்த்து ஆச்சரியப்படுவோம் அல்லவா? கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சைக்கிள் மிதிப்பவர்களுக்குச் சூடான தண்ணீர் கொடுத்தபோது அவர்கள் கூடுதலாக வியர்த்தார்கள். அந்த வியர்வை முழுதும் காயும் சூழலில், குளிர்ந்த நீர் குடித்தபோது இருந்ததைவிட உடம்பில் குறைவான வெப்பமே தங்கியது. வியர்வை காய வேண்டும் என்பது அங்கேயும் நிபந்தனை. டீக்கடை பெஞ்சு கடைக்கு வெளியே கிடப்பதற்கு இட நெருக்கடி மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் ஐஸ் எதற்கு? அது வாய்க்கு. நம் வாயிலும் தொண்டையிலும் குளிரை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. புதினா தின்றால் சில்லென்று இருப்பது அந்த முனைகளைப் புதினாவின் மெந்தால் தூண்டுவதால்தான்; உண்மையில் அங்கே எதுவும் குளிர்வதில்லை. இந்த முனைகள் மூளைக்குத் தாகம் தீர்ந்துவிட்டது என்ற செய்தியை முன்கூட்டியே அனுப்புகின்றன. குடித்த தண்ணீர் குடலில் இறங்கி ரத்தத்தில் கலக்கச் சில நிமிடங்களாவது ஆகும். தாகமோ குடிக்கக் குடிக்கவே அடங்கிவிடுகிறது. 2016இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், தண்ணீர் கொடுக்காமல் வாயை மட்டும் குளிரவைத்தபோதே தாகத்துக்கான மூளை நரம்பணுக்களின் துடிப்பு குறைந்ததைக் கண்டார்கள். ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளும் குழந்தை இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

ஆக, டம்ளர் வாய்க்கு ஆறுதல் சொல்கிறது. உடம்பை ஆற்றுவது காற்று. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும் பொழுதுதான் அந்த ஐந்தரை மணி.

தமிழில் திசைக்கொரு காற்று உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வெயில் காலத்துக்கும் கோடை என்றே பெயர். கிழக்குக் கடற்கரையில் ஒரு மே மாதத்தைக் கழித்தவருக்கு இந்த இரண்டு பொருளும் ஏன் ஒரே சொல்லில் நிற்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. தக்காணத்தைக் கடந்து காய்ந்து வரும் மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் சென்னை அடுப்பு. கோடையும் கொண்டலும் எதிரெதிராகத் தள்ளிக்கொள்ளும் போட்டி தினமும் நடக்கிறது.

பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் உள்ளே வருகிறது. மார்ச், ஏப்ரலில் நண்பகலை ஒட்டியே அது கரையேறிவிடும். அக்னி நட்சத்திரம் முற்றி ஜூன் நெருங்க நெருங்க, மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்றைக் கரைக்கு அப்பாலேயே தடுத்து நிறுத்துகிறது. பிற்பகல் இரண்டு, மூன்று என்று அது தள்ளிப்போகும். சில நாள் வராமலே போகும். சென்னையின் பெரிய வெயில்கள் எல்லாம் இப்படிப்பட்ட நாட்களில்தான் பதிவாகின்றன. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி தொட்டதை இன்றும் ஊரில் பேசுவார்கள். கடற்காற்று புகுந்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் மூன்று, நான்கு டிகிரி இறங்குவதைத் தோலிலேயே உணரலாம். ஐந்தரை மணிக்குள் பெரும்பாலான நாட்களில் போட்டி முடிந்து கொண்டல் ஜெயித்திருக்கும்.

வீட்டைவிட்டு வெளியே வரச் சொல்வது காற்று மட்டுமில்லை, வீடும்தான். கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை வாங்கிவைத்துக்கொள்கிறது. மேல்பக்கம் வாங்கிய சூடு தளத்தின் கனத்தைக் கடந்து கீழ்ப்பக்கம் வரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் உச்சி வெயில் தணிந்த பிறகுதான் அறையின் கூரை உச்சச் சூட்டுக்கு வருகிறது. மாலை ஐந்து மணிக்கு மாடி வீட்டில் கட்டிலில் படுத்துக் கையை மேலே நீட்டினால் கூரையிலிருந்து சூடு இறங்குவது தெரியும். வெளியே ஆறத் தொடங்கிய நேரத்தில் உள்ளே கொதிக்கிறது. திண்ணை வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தப் பிரச்சினைக்கு ஒரு விடை இருந்தது. இன்று அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெருமுனைதான் திண்ணை.

நம் இலக்கண மரபு ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்து நிலங்களுக்குப் பங்கிட்டது. பாலைக்கு நண்பகல், முல்லைக்கு மாலை. கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். கடற்கரையை அதன் சிறந்த பொழுதோடு சேர்த்துவைத்தவர் யாரோ அந்தக் காற்றில் நின்றிருக்க வேண்டும்.

இந்தப் பொழுது நமக்குக் குறுகியது. இத்தாலியின் மிலான் நகரில் ஜூன் மாதச் சூரியன் இரவு ஒன்பதேகால் வரை மறையாது. மறைந்த பிறகும் வெளிச்சம் நெடுநேரம் தங்கும். அங்கே வேலை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், தெருவோர மேசையில் கசப்பான மதுவைச் சோடாவோடு கலந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஆப்பரிட்டிவோ என்று அதற்குப் பெயர். வடக்கே 45 டிகிரியில் இருக்கும் ஊருக்கு அது சரி. 13 டிகிரியில் இருக்கும் சென்னையில் மே மாதம் ஆறரை மணிக்கெல்லாம் சூரியன் செங்குத்தாக இறங்கி மறைந்துவிடும். அடுத்த இருபது சொச்சம் நிமிடங்களில் விளக்குப் போட வேண்டும். வெயிலின் கடுமை தணிவதற்கும் இருட்டுவதற்கும் இடையே நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உட்கார்ந்து குடிக்க அவகாசம் இல்லை. நின்றுகொண்டே குடிக்கும் டம்ளர், பாட்டிலை அங்கேயே திருப்பிக் கொடுக்கும் கோலி சோடா எல்லாம் இந்தச் சிறிய இடைவெளிக்குப் பொருத்தமாக அமைந்தவை.

அந்த டம்ளருக்குள் இருப்பவை எங்கிருந்தெல்லாம் வந்தன என்று பார்த்தால் கதை பெரிது. ஐஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஐஸ் ஹவுஸ்.

ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும் அந்தப் பனிக்கட்டியை அறுத்தெடுத்து, வெப்ப நாடுகளில் விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1833இல் அவர் அனுப்பிய 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். வழியில் நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது. இந்த வியாபாரத்தில் பனிக்கட்டியைக் காப்பாற்றியது மரத்தூள். மரம் அறுக்கும் பட்டறைகளில் குப்பையாகக் குவிந்த தூளைக் கட்டிகளைச் சுற்றித் திணித்தார்கள். தூளுக்குள் சிறைப்பட்ட காற்று வெளிச்சூட்டைத் தடுத்தது.

சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடலைப் பார்த்தபடி வட்டமான கட்டடம் ஒன்று எழுந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது; கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கெல்லாம் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வந்தது. கொதிக்கும் மணலில் பாஸ்டன் ஏரியின் ஒரு துண்டு வந்திறங்குவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது. கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று ஊர்களில் இருந்த இத்தகைய கிடங்குகளில் இன்று மிஞ்சியிருப்பது சென்னையில் மட்டுமே. பனிக்கட்டியைச் செயற்கையாக உறையவைக்கும் ஆலைகள் 1870களில் இந்தியாவுக்கு வந்ததும் ஏரிப் பனிக்கட்டி வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறியது. 1897இல் மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே தங்கிப் பேசினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். வட்டாரத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. பஸ்ஸில் இன்றும் "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்கிறோம்.

அப்பா கூட்டிப்போன கடையில் ஐஸ் பார் சாக்கில் சுற்றி, மரத்தூளுக்குள் புதைந்து கிடக்கும். கடைக்காரர் தூளைத் தட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஊசியால் குத்தி உடைப்பார். அந்தக் காலத்துப் பனிக்கட்டி வியாபாரத்தில் இருந்த அதே முறை. ஒன்று சொல்லியாக வேண்டும்: உறையவைத்தால் கிருமி சாகாது. மீன் பதப்படுத்துவதற்குத் தயாராகும் ஐஸ் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைக்காரர் எங்கிருந்து ஐஸ் வாங்குகிறார் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்.

கடலோர உலா என்ற பழக்கத்துக்கும் வயது அதிகமில்லை. 1881இல் ஆளுநராக வந்த மவுண்ட்ஸ்டுவர்ட் கிராண்ட் டஃப் கடற்கரையோரம் நடைபாதை அமைத்தார். 1884இல் அது முடிந்தது. சிசிலித் தீவின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயர் வைத்தவரும் அவரே. துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து கரையோரம் நகர்ந்து வரும் மணல் அங்கே தடைபட்டுத் தேங்கி, கடல் விலகி, இன்றைய அகலமான மணல்வெளி உண்டானது. மணலும் நடைபாதையும் மக்களை மாலையில் வெளியே இழுத்தன. சுண்டல், சோடா, சர்பத் எல்லாம் அவர்களைத் தேடி வந்தன.

சோடாவுக்கு வருகிறேன். 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, பீர் ஆலையில் நொதிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்து, அங்கே மிதந்த வாயுவை அதில் கரைத்தார். சோடா அங்கே பிறந்தது. அதைப் பாட்டிலில் அடைத்துவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஹைரம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார்: பாட்டிலை அடைக்கும் மூடியைப் பாட்டிலுக்குள்ளேயே வைத்துவிடுவது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயை ஒட்டி ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, சக்கரத்தைச் சுழற்றி வாயுவை ஏற்றுவார்கள். வாயுவின் அழுத்தமே கோலியை வளையத்தோடு இறுக்கிவிடும். தனியாக மூடியோ தக்கையோ வேண்டாம். திறக்கும்போது கட்டைவிரலால் அழுத்தினால் கோலி உள்ளே இறங்கும்; கழுத்தின் இடுக்கில் அது தங்கிக்கொள்ள ஒரு பள்ளம் இருப்பதால், பாட்டிலைச் சாய்க்கும்போது மறுபடி வாயை வந்து அடைக்காது.

எவ்வளவு அழகான பொறியியல்! பிறந்த நாட்டில் அது மறைந்து நெடுநாளாகிவிட்டது. நம் ஊரில்தான் ஒரு நூற்றாண்டைத் தாண்டி உழைத்தது. காரணமும் தெளிவு. கனமான கண்ணாடி, திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பலாம். மின்சாரம் இல்லாத ஊரில்கூட ஒரு கைச் சக்கரமும் வாயு உருளையும் இருந்தால் சோடா கம்பெனி தொடங்கிவிடலாம். 'கம்பெனி' என்றுதான் சொல்வார்கள், ஒற்றை அறையாக இருந்தாலும். நிறம் சேர்த்தது 'கலர்', பன்னீர் மணத்தோடு வந்தது பன்னீர் சோடா. விருந்தாளி வந்தால் பையனைக் "கலர் வாங்கிட்டு வா" என்று அனுப்புவது மரியாதை. மேடைப் பேச்சாளர் தொண்டை கட்டினால் உடனே ஒரு சோடா கைக்குப் போகும். சண்டை வந்தால் அதே பாட்டில்கள் பறந்ததும் உண்மை.

சோடாவின் அந்தச் சுருக்கென்ற குத்தல் குமிழி வெடிப்பதால் வருகிறது என்று நினைத்திருந்தேன். அது நாக்கில் நடக்கும் வேதியியல். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை நாக்கிலுள்ள ஒரு நொதி அமிலமாக மாற்றுகிறது. புளிப்பை உணரும் செல்கள் அதைப் பிடிக்கின்றன. 2009இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. மலை ஏறுபவர்கள் உயரத்து மயக்கத்துக்குச் சாப்பிடும் ஒரு மாத்திரை இந்த நொதியின் வேலையை நிறுத்திவிடுகிறது. அதை விழுங்கிவிட்டுச் சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் வாயு அதிகம் தங்கும்: 0 டிகிரியில் கரையும் அளவு 20 டிகிரியில் கரைவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வெயிலில் கிடந்த சோடாவைத் திறந்ததும் எல்லாம் பொங்கி வெளியேறிவிடுவது அதனால்தான்.

1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற நிறுவனங்கள் இந்த உள்ளூர்ப் பழக்கத்தின் மேல்தான் வளர்ந்தன. 1977இல் கோக கோலா இந்தியாவை விட்டுப் போனபோது அவற்றுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1993இல் அது திரும்பி வந்ததும் பல ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது, போவண்டோவும் பன்னீர் சோடாவும் மறுபடி கடை முகப்புக்கு வந்தன. கோலி சோடாவும் இப்போது புது வடிவில் வருகிறது. பாட்டில் மெல்லியது, விலை கூடுதல். ஆனால் கட்டைவிரல் அழுத்தும்போது வரும் அந்தச் சத்தம் அதேதான்.

இவை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. 'சர்பத்' என்ற சொல்லும் அப்படித்தான்: குடித்தல் என்னும் பொருளுள்ள அரபு வேரிலிருந்து கிளம்பி, பாரசீகம், உருது வழியாக வந்தது. டம்ளரில் நம் மண்ணிலேயே முளைத்தது நன்னாரி. தரையில் படரும் மெல்லிய கொடி; வேரின் தோலில்தான் மணம். வேரை நசுக்கி, நடுவிலிருக்கும் நாரை எடுத்துவிட்டு, ஊறவைத்துக் காய்ச்சிச் சர்க்கரைப் பாகில் சேர்ப்பார்கள். இந்த மணத்துக்குக் காரணமான சேர்மம் வெனிலா மணத்தைத் தரும் வெனிலினுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டிலும் அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் இருக்கின்றன, அமைந்திருக்கும் இடம் மட்டும் வேறு. நன்னாரியை முதன்முதலாக முகர்பவர்கள் இனிப்பாகவும் மருந்தாகவும் ஒரே நேரத்தில் உணர்வது இந்த உறவால் இருக்கலாம். மாகாளிக் கிழங்கிலும் இதே சேர்மம்தான் நிறைந்திருக்கிறது. தயிர்சாதத்துக்கு மாகாளிக் கிழங்கு ஊறுகாய் தொட்டுக்கொள்பவரும் தெருமுனையில் சர்பத் குடிப்பவரும் ஒரே மணத்துக்கு அடிமைகள். கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டித் தோண்டி எடுத்து அந்தக் கொடி அருகிவருகிறது. எசன்ஸ் ஊற்றிய சர்பத் எங்கும் கிடைக்கிற காலத்தில், வேரைப் பயிராக வளர்ப்பவருக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

கடலைவிட்டு உள்ளே போனால் டம்ளரும் மாறுகிறது. மதுரைக்குக் கொண்டல் அன்றாட விருந்தாளி இல்லை. வந்தாலும் களைத்துப்போய் இரவில்தான் வரும். ஆனால் அங்கே காற்றில் ஈரம் குறைவு, வியர்வை தானே காய்ந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு விளக்குத்தூண், கீழவாசல் பக்கம் ஜிகர்தண்டா கடைகளில் கூட்டம் ஏறி இரவு வரை நிற்கும். 'ஜிகர்' என்றால் ஈரல், 'தண்டா' என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், இரவெல்லாம் ஊறி உப்பிய பாதாம் பிசின், நன்னாரிப் பாகு, மேலே ஐஸ்கிரீம். எனக்கு அது உயிர். ஆனாலும் அதைத் தாகத்துக்கான பானம் என்று சொல்ல மாட்டேன். கரண்டியால் சாப்பிட வேண்டிய இனிப்பு அது. ஜிகர்தண்டா குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்காதவரை நான் பார்த்ததில்லை.

தாகத்துக்கு எது நல்லது என்று கேட்டால், உப்புப் போட்ட எலுமிச்சை சோடா என்பேன். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. குடல் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது, தண்ணீர் அவற்றைப் பின்தொடர்ந்து போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு சர்க்கரைக் கரைசல் இந்த வழியில்தான் வேலை செய்கிறது: ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். இனிப்பு எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஒரு டம்ளர் சர்பத்தில் 30 கிராம் சர்க்கரை இருந்தால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 120 கிலோகலோரி. ஐஸ் எடுத்த வெப்பமோ 10 கிலோகலோரிகூட இல்லை. கடைக்காரரிடம் "அண்ணே, பாகு பாதி போடுங்க" என்று சொன்னால் போதும். நன்னாரி மணம் அப்போதுதான் துலங்கும் என்பதும் என் அனுபவம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சப்ஜா விதை போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இருக்கிறது. உப்பும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர் இருக்கிறது.

நீர்மோரைச் சொன்னதும் பந்தல் நினைவுக்கு வருகிறது. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்பது சைவ மரபு. வழிப்போக்கருக்கு நீர் கொடுப்பது அவ்வளவு பழைய அறம். கட்சிக்காரர்களும் கோயில்காரர்களும் சித்திரையில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். அது நண்பகலின் தேவை. வெயிலில் உழைப்பவருக்கு உயிர்த் தண்ணீர் அது. விலை வைக்கக் கூடாது. மாலைச் சர்பத் அதற்குப் பிறகு வருவது. உயிர் தப்பிய பிறகு கொஞ்சம் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சிக்கு எங்கே நிற்பது என்பது முக்கியம். கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால், கடலை நோக்கி நேராக ஓடும் தெருக்கள் அதற்கு வாய்க்கால். பாரதி சாலை, வாலாஜா சாலை, மயிலாப்பூரிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலைகள் எல்லாம் அப்படி. வடக்குத் தெற்காக ஓடும் குறுக்குச் சந்தில் பத்தடி உள்ளே போனாலே காற்று நின்றுவிடும். கடலோரம் வரிசையாக உயரக் கட்டடம் எழுந்தால் பின்னால் இருக்கும் தெருவுக்கு இந்த வாய்க்கால் அடைபடும். நகரத் திட்டத்தில் இதற்கு ஒரு கோடு போட யாராவது வாதாட வேண்டும் என்பது என் ஆசை. அதோடு ஒரு மரம். மாலை வெயில் சாய்வாக முகத்தில் அடிக்கும். மேற்கே ஒரு தூங்குமூஞ்சி மரமோ வேம்போ இருந்தால் அது தடுத்துவிடும். நல்ல சர்பத் கடைகள் மரத்தடியில், கிழக்கு மேற்குத் தெருவில், முனையில் இருக்கும். யாரும் வரைபடம் போட்டு வைத்ததில்லை. காற்று இருந்த இடத்தில் ஆட்கள் நின்றார்கள்; ஆட்கள் நின்ற இடத்தில் வண்டி நின்றது.

அப்பா நின்றதும் அப்படி ஒரு முனையில்தான். மேற்கே மரம், எதிரே பாரதி சாலை நேராகக் கடலுக்குப் போகும். டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து அவர் விரல் வழியே சொட்டும். சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிடுவார். கடைக்காரரின் சாக்குப் படுதா ஒரு முறை அசையும். அப்புறம் மரத்தின் கீழ்க் கிளை. "வந்துருச்சு" என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் முதல் வாய்.